காப்சூல் விழுங்க மாட்டேன் என்கிறான், வழி சொல்லுங்கள்

வணக்கம். மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம். மகனுக்கு ஏடிஎச்டி (கவனக்குறைவும் அதிகத் துறுதுறுப்பும்). வயது 10, எடை 30 கிலோ, தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு. அதற்கு முதலில் மெத்தில்பெனிடேட் என்ற மருந்து கொடுத்தார்கள். கண் சிமிட்டுவது அதிகமானதால் நிறுத்திவிட்டு, போன மாதம் ஈப்போ டாக்டர் அட்டோமோக்செட்டின் 18 மில்லிகிராம் காப்சூலுக்கு மாற்றினார். முழுப் பலன் தெரிய 4 முதல் 6 வாரம், சிலருக்கு இன்னும் கூட ஆகலாமாம். சரி, காத்திருக்கலாம். மருந்து உள்ளே போனால்தானே?

பிரித்து மைலோவில் கலந்துவிடு என்றார் பக்கத்து வீட்டு அக்கா. ஃபார்மசியில் கேட்டேன்: பிரிக்கவே கூடாது, தூள் கண்ணில் பட்டால் எரியும், முழுசாகத்தான் விழுங்க வேண்டும். வாழைப்பழத்துக்குள் வைத்தால் பழத்தைத் தின்றுவிட்டு, காப்சூலை நாக்கில் நீட்டிக் காட்டுகிறான். தயிரிலும் அதே கதை. சின்ன மிட்டாய் வைத்துப் பழக்கினோம், அது இறங்குகிறது. காப்சூல் தண்ணீரில் மிதக்குமாம், அதனால் தலையைக் குனிந்து விழுங்கச் சொன்னார்கள். ஒரு நாள் போகிறது, மறுநாள் குமட்டித் துப்பிவிடுகிறான். காலையில் வேன் அவசரம் என்பதால், டாக்டரைக் கேட்டு இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மாற்றியாச்சு. துப்பிய நாளில் இன்னொன்று கொடுப்பதில்லை.

மனநிலை மாற்றம், மஞ்சள் கண், கறுத்த சிறுநீர் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார்கள். அப்படி எதுவும் இல்லை. அடுத்த அப்பாயிண்ட்மென்ட் அடுத்த மாதம்தான்.

இந்த வயதுப் பிள்ளைக்குக் காப்சூல் பழக்கியவர்களே, என்ன செய்த பிறகு தினமும் ஒழுங்காக விழுங்க ஆரம்பித்தார்கள்?