‘ட்ஸுக்கர்ஷொக்’ என்றால் சர்க்கரை ஏறியதா, இறங்கியதா?

ஜெர்மன் நோயாளிகளுக்காக ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பவர்களின் குழுவில், வெவ்வேறு ஜெர்மன் நகரங்களைச் சேர்ந்த மூவர் பேசிக்கொண்டது:

கோல்ன் உறுப்பினர்:
ஜெர்மானிய முதியவர்கள் நம்மவர்களைப் போலவே நீரிழிவு என்று சொல்வதில்லை. "எனக்குச் சர்க்கரை" என்றே சொல்வார்கள் என்பது இங்குள்ள எல்லோருக்கும் தெரியும். மான்செஸ்டரில் மகள் வீட்டில் தங்கியிருந்த ஒரு மூதாட்டிக்காகத் தொலைபேசியில் மொழிபெயர்த்தேன். போன வாரம் தமக்கு ‘ட்ஸுக்கர்ஷொக்’ (நேர்ப்பொருள்: சர்க்கரை அதிர்ச்சி) வந்தது என்றார். சர்க்கரை மிகவும் ஏறிவிட்டதாம் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். செவிலியர் இன்சுலினைக் கூட்டுவது பற்றிப் பேசத் தொடங்கியபோது, "மகள் ஆப்பிள் சாறு புகட்டினாள், கை நடுக்கத்தில் கிளாஸ் பல்லில் இடித்துக்கொண்டே இருந்தது" என்று அவர் தொடர்ந்தார். சாறு குடித்துத் தெளிந்தவருக்குச் சர்க்கரை இறங்கித்தான் இருந்திருக்கும். உடனே இடைமறித்துத் திருத்தினேன். சாற்றைப் பற்றி அவர் சொல்லாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற எண்ணம் இன்றுவரை என்னை விடவில்லை.

லைப்சிக் உறுப்பினர்:
அந்தச் சொல்லுக்கு இறக்கம் என்று மட்டும் பொருள் கொண்டுவிடாதீர்கள். சர்க்கரை எகிறி மயங்கி விழுந்ததையும் அப்படியே சொல்பவர்கள் உண்டு. ‘உன்டர்ட்ஸுக்கர்’ என்றால்தான் ஐயத்துக்கு இடமில்லாமல் இறக்கம். என்னை உறுத்துவது வேறு. "காலையில் நான்கு பே-ஏ" என்று ஒருவர் சொன்னதை, ரொட்டி அலகு என்ற விரிவை மனத்தில் வைத்துக்கொண்டு, நான்கு துண்டு ரொட்டி என்று பெயர்த்துவிட்டேன். ஒரு பே-ஏ என்பது 12 கிராம் மாவுச்சத்து. அவர் சொன்னது 48 கிராம். அவர் அன்று உண்டதோ பழமும் தயிரும் கலந்த ஓட்ஸ். ரொட்டியைத் தொடவே இல்லை.

காசல் உறுப்பினர்:
இருவருமே எண்களை மறந்துவிட்டீர்கள். என் வாடிக்கையாளர் "நூற்றெண்பது" என்றதும் பிரிட்டிஷ் மருத்துவர் பேச்சை நிறுத்திவிட்டார். ரத்தச் சர்க்கரைக்கு ஜெர்மனியின் மேற்குப் பகுதிகளில் டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று கணக்கு. முன்னாள் கிழக்கு ஜெர்மனிப் பகுதிகளில் பெரும்பாலும் பிரிட்டனைப் போல லிட்டருக்கு இத்தனை மில்லிமோல் என்று கணக்கு. 180 மில்லிகிராமை 18ஆல் வகுத்தால் 10 மில்லிமோல். ஆனால் அந்த வகுத்தலை நாம் செய்யக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. அவசரத்தில் கணக்குப் பிசகினால் அது மருந்தின் அளவையே மாற்றிவிடும். சொன்ன எண்ணை அப்படியே சொல்லி, அது எந்த அலகு என்று நோயாளியிடம் கேட்டுச் சேர்த்துச் சொல்லுங்கள். ‘ட்ஸுக்கர்ஷொக்’ வந்தாலும் அப்படித்தான்: இந்தச் சொல்லுக்கு இரண்டு பொருளும் உண்டு, கேட்டுச் சொல்கிறேன் என்று மருத்துவரிடம் அறிவித்துவிட்டு, அப்போது அளந்த அளவு என்ன, என்ன கொடுத்தார்கள் என்று நோயாளியிடம் கேளுங்கள்.