வான்வழிப் படமா, வானோடி வரைபடமா?

அன்புடையீர்,

விமானிகள் பயன்படுத்தும் வரைபடத்தைக் கணினி உலக உருண்டையின் மேல் விரித்துக் காட்டும் பாடம் ஒன்று மாணவர் கையேட்டில் சேர்கிறது. எடுத்துக்காட்டு, அமெரிக்காவின் ஃபெடரல் ஏவியேஷன் அட்மினிஸ்ட்ரேஷன் வெளியிடும் சான் பிரான்சிஸ்கோ செக்‌ஷனல். அளவை 1:500,000. இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், ஜியோடிஃப் கோப்பு என்பதால் இட ஆயங்கள் உள்ளேயே பொதிந்திருக்கும்.

செக்‌ஷனலுக்கு 'வட்டாரத் தாள்', இவ்வகைப் படங்களுக்குப் பொதுவாக 'வான்வழிப் படம்', உருண்டையில் ஏற்றுவதற்கு 'மேலடுக்கு' என்று எழுதியிருக்கிறேன். மறுப்பு இருந்தால் அச்சுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

*

வணக்கம் அம்மா.

'வட்டாரத் தாள்' நன்று. 'வான்வழிப் படம்' வேண்டாம். அதற்கான காரணங்கள் உங்கள் பாடத்துக்குள்ளேயே இருக்கின்றன.

பள்ளிப் புவியியலில் 'வான்வழிப் புகைப்படம்' என்றால் விமானத்திலிருந்து கீழ்நோக்கி எடுத்த ஒளிப்படம். உருண்டையின் அடித்தளமே அவ்வகைப் படங்களும் செயற்கைக்கோள் படங்களும்தான். "வான்வழிப் படத்தை அணை" என்று ஆசிரியர் சொன்னால் மாணவன் எதை அணைப்பான்? போதாததற்கு, வான்வழி என்றே தனியாக ஒன்று அந்தத் தாளில் உண்டு. விமானங்கள் செல்லும் பாதை அது: வெளிர்நீலக் கோடு, அதன்மேல் 'வி' எழுத்தும் ஓர் எண்ணும். நடுக்கோட்டுக்கு இருபுறமும் 4 கடல் மைல், ஆக 8 கடல் மைல் அகலம். முழுத் தாளுக்கும் அந்தப் பெயரைக் கொடுத்துவிட்டால் இந்தக் கோட்டை என்னவென்று அழைப்பது?

விமானியை 'வானோடி' என்று எழுதுவது ஈழத்தில் வழக்கம். படம் எதைப் பற்றியது என்பதை விட்டு, யார் கையில் இருப்பது என்று பெயர் வைக்கலாம்: வானோடி வரைபடம். சாதாரண நிலவரைபடத்தைப் பார்த்துவிட்டு மடித்துவைக்கலாம். இதன்மேல் அளவுகோல் வைத்துக் கோடு இழுத்துத் திசையும் தொலைவும் எடுக்கிறோம். அந்த வேலை பெயரிலேயே தெரியட்டும்.

'மேலடுக்கு' பற்றி எனக்குப் பெரிய சண்டை இல்லை. ஆனால் அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு வேலைகள் ஒளிந்திருக்கின்றன. உருண்டையான பூமியைத் தட்டைத் தாளில் வரையும் முறையே கோட்டுச்சட்டம் (எங்கள் ஊர்ப் பாடநூலில் படவெறியம்). வட்டாரத் தாள் லாம்பர்ட் கூம்புக் கோட்டுச்சட்டத்தில் வரைந்தது. அதில் அட்சக்கோடுகள் வில்லாக வளையும். உருண்டையில் எதை எங்கே காட்டுவது என்று சொல்லும் கேஎம்எல் கோப்பில் வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என நான்கு எல்லைகளை மட்டும் கொடுத்து ஒட்டினால், உருண்டை அவற்றை நேர்கோடாகக் கொள்ளும். தாளின் நடுவிலிருந்து 3.5 பாகை தள்ளி, 38-ஆம் அட்சத்தில், கணக்கிட்டால் சுமார் 5.5 கி.மீ. விலகல் வரும். தாளில் அது சுமார் 1 செ.மீ.தான், ஆனால் ஓடுபாதைக் குறி விரிகுடாவுக்குள் விழ அது போதும்.

ஆகவே முதலில் ஜிடிஏஎல் என்ற வரைபட மென்பொருள் கருவியால் ஈபிஎஸ்ஜி 4326-க்கு, அதாவது அட்ச தீர்க்கக் கோடுகள் நேராக ஓடும் சட்டத்துக்கு, மாற்ற வேண்டும். அதற்கும் முன்னால் இன்னொரு படி உண்டு, பலரும் தவறவிடுவது. இந்தக் கோப்பில் புள்ளிகள் நிறங்களாக இல்லை, நிறப்பட்டியலின் வரிசை எண்களாக இருக்கின்றன. 40-ஆம் நிறத்துக்கும் 60-ஆம் நிறத்துக்கும் சராசரி எடுத்தால் 50-ஆம் நிறம் வரும். அதற்கும் இவ்விரண்டுக்கும் ஓர் உறவும் இல்லை. மலைச்சரிவில் ஊதாப் புள்ளிகள் தெறித்திருந்தால் காரணம் இதுவே. நிறப்பட்டியலை மூன்று நிற அலைவரிசைகளாக விரித்த பிறகுதான் மாற்ற வேண்டும். அருகிலுள்ள புள்ளியை அப்படியே எடுக்கச் சொன்னாலும் நிறம் கெடாது, ஆனால் சிறு எழுத்துகள் பல்லுப்பல்லாக உடையும். தாளின் ஓரத்திலுள்ள குறிவிளக்கத்தை எல்லைக் கோப்பு கொடுத்து வெட்டிவிடுங்கள். வெட்டாவிட்டால் பக்கத்துத் தாளை அது மறைக்கும்.

இந்த முதல் வேலைக்குச் 'சட்டமாற்றம்', உருண்டைமேல் விரிப்பதற்குப் 'போர்த்தல்' என்பது என் முன்மொழிவு.

*

ஐயாவுக்கும் அம்மாவுக்கும் வணக்கம்.

'வானோடி வரைபடம்' எனக்குச் சம்மதம். 'சட்டமாற்றம்' என்றால் நாளிதழ் வாசகர் நாடாளுமன்றத்தைத்தான் நினைப்பார். 'கோட்டுச்சட்ட மாற்றம்' என்றே நீட்டி எழுதுவோம். 'போர்த்தல்' மிகப் பொருத்தம். மேலடுக்கு தட்டையாகவும் இருக்கலாம். போர்வையோ மேடுபள்ளத்தோடு இழையும், உருண்டையில் நடப்பதும் அதுதான்.

ஆனால் அந்தப் போர்வையே ஒரு பொய்யும் சொல்கிறது. கையேட்டில் இதற்கும் இடம் ஒதுக்குங்கள். பெரிய விமான நிலையத்தைச் சுற்றியுள்ள 'பி' வகை வான்வெளி (அனுமதி பெற்றே நுழைய வேண்டிய பகுதி) தாளில் நீல வளையங்களாகத் தெரியும். உண்மையில் அது கொலுப்படியைக் கவிழ்த்து வைத்த வடிவம்: நடுவில் தரையைத் தொடும், வெளியே போகப் போக அடித்தளம் உயரும். ஒரு வளையத்துக்குள் 100, அதன்கீழ் கோடிட்டு 30 என்றிருந்தால், கடல்மட்டத்துக்கு மேல் 3,000 அடியில் தொடங்கி 10,000 அடி வரை என்று பொருள். போர்த்திய படத்தில் அந்த வளையம் குன்றின்மேல் சாயம் பூசியதுபோல் படிந்துவிடும். வான்வெளி மண்ணில் கிடப்பதாக மாணவர் நினைப்பார்.

அதைத் தனியாகக் கன உருவமாகக் கட்ட வேண்டும். கேஎம்எல்லில் உயரம் மீட்டரில்: 914 முதல் 3,048 வரை. கடல்மட்டம் சார்ந்த உயர முறையைத் தேர்ந்துகொள்ளுங்கள். தரை சார்ந்ததைத் தேர்ந்தால் குன்றுக்குக் குன்று கூரை ஏறி இறங்கும். 'தரைவரை நீட்டு' என்ற வசதி கைக்கு எளிது, ஆனால் இங்கே உதவாது. அது சுவரைத் தரையில் கொண்டுபோய் முட்டவிடும், படிக்குக் கீழே இருக்கும் வெற்றிடம் மறைந்துபோகும். வட்டத்தை 5 பாகைக்கு ஒன்றாக 72 துண்டுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் கீழே இரண்டு, மேலே இரண்டு எனப் புள்ளி வைத்து நாற்கரச் சுவர் எழுப்புவதே வழி. இதற்கு 'வான்வெளிக் கூடு' எனலாம். 'விண்வெளி' பக்கம் மட்டும் போய்விடாதீர்கள்.

*

இருவருக்கும் நன்றி. திருத்திய வரி இது: "வானோடி வரைபடத்தைக் கோட்டுச்சட்ட மாற்றம் செய்து, 256 புள்ளிச் சதுர ஓடுகளாக நறுக்கி, உருண்டைமேல் போர்த்துக; வான்வெளிக் கூட்டைத் தனியே சேர்க்க." ஓடுகளாக நறுக்காமல் ஒரே படமாக ஏற்றினால் எழுத்துகள் மங்குகின்றன. ஒரு புள்ளி தரையில் சுமார் 42 மீட்டர். அதற்குமேல் நெருங்கினாலும் புதிதாக எதுவும் தெரியாது.

இன்னும் ஒரு சொல் வேண்டும். தாளின் ஒவ்வொரு 30 கலைக் (அரைப் பாகைக்) கட்டத்திலும் பெரிதாக 4, பக்கத்தில் சிறிதாக 3 என்பதுபோல் ஓர் எண் இருக்கிறதே, அதற்கு. அது குறிப்பது, அந்தக் கட்டத்திலுள்ள நிலம், கோபுரம் எல்லாவற்றையும் விட உயர்வாக மேல்நோக்கி முழுமையாக்கிய 4,300 அடி. 'உச்ச உயரம்' என்றால் சிகரத்தின் உயரமாகிவிடுகிறது.

*

அம்மா, 'கட்ட உச்ச எண்' எனலாம். கட்டத்துக்கு உரியது, சிகரத்துக்கு உரியதன்று என்பது விளங்கும். பயிற்சியாகவும் வையுங்கள்: மாணவர் சுட்டியை நகர்த்தி, கட்டத்தில் மிக உயர்ந்த இடத்தைத் தேடி, மீட்டரை 3.28-ஆல் பெருக்கி ஒப்பிடட்டும். உருண்டையின் உயரத் தரவு கூரிய சிகரங்களை மழுக்கிவிடும், கோபுரங்களும் அதில் இல்லை. அதனால் அவர் காணும் எண் தாளில் உள்ளதைவிடக் குறைவாகவே வரும்.

ஒவ்வொரு போர்வையின் பெயரிலும் பதிப்புத் தேதியைச் சேருங்கள். இந்தத் தாள்கள் 56 நாளுக்கு ஒருமுறை மாறுகின்றன.