லாங்வுட் சோலை மரக் கணக்கு – கோத்தகிரி வீட்டார் குழு

அக்கா: நேற்றுச் சோலைக்குப் போனவர்கள் மரப் பட்டியலை அனுப்பிவிட்டார்களா? தம்பி அனுப்பியதில் முதல் மரமே கற்பூர மரமாக, அதாவது யூகலிப்டஸாக இருக்கிறதே.

தம்பி: இருப்பதிலேயே அதுதான் பெரியது அக்கா. சோலை ஓரத்தில் நிற்கிறது, மூன்று பேர் கை கோத்தும் எட்டவில்லை.

சித்தப்பா: பெரியதுதான். ஆனால் கற்பூர மரம் 1843 வாக்கில் ஆஸ்திரேலியாவிலிருந்து நம் மலைக்கு வந்தது, விறகுக்கு நட்டுப் பரப்பினார்கள். அதையும், அப்படியே வெளியிலிருந்து வந்த சீகையையும் (வாட்டில் மரம்) தனித்தாளில் எழுது. சோலை மரம் குளிரிலும் காற்றிலும் வளர்கிறது, பெரும்பாலும் 15 மீட்டரைத் தாண்டாது, உயரத்தைப் பார்த்து வரிசை போட்டால் நம் மரம் ஒன்றுகூட மேலே வராது.

அத்தை: ஓடைக்கு மேலே சாய்ந்து நிற்கிற காட்டு நாவலை எழுதினீர்களா?

தம்பி: இல்லை அத்தை. கோணலாக, ஒரு பக்கம் பொந்து விழுந்து இருந்தது, விட்டுவிட்டோம்.

அத்தை: அதைத்தான் முதலில் எழுத வேண்டும் கண்ணு. போன மாதம் அதன் கீழே அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன், மழை விட்டு வெகுநேரம் ஆகியும் பாசியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தது, பட்டையே தெரியவில்லை, அவ்வளவு பாசி, அதற்குள் ஆர்க்கிட் வேர் ஓடுகிறது, கொழுந்தெல்லாம் செம்பு நிறம். சுற்று ஊர்களுக்கு வருகிற தண்ணீரை இப்படித்தான் சோலை பிடித்து வைக்கிறது.

அண்ணா: ஆமாம், மொத்தமே 116 ஹெக்டேர் சோலை, 2024இல் ராம்சர் என்கிற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்த்தார்களே.

சித்தப்பா: தம்பி, மரங்களின் சுற்றளவை எங்கே நின்று அளந்தாய்?

தம்பி: பள்ளத்துப் பக்கம் நின்று, நெஞ்சு உயரத்தில்.

சித்தப்பா: அதுதான் கணக்குக் கூடியிருக்கிறது. பள்ளத்தில் நின்றால் டேப் அடித்தூரின் பருத்த பக்கம் இறங்கிவிடும். மேட்டுப் பக்கம் நின்று, தரையிலிருந்து 1.37 மீட்டர். அங்கே முண்டு இருந்தால் கொஞ்சம் மேலே அளந்து, எந்த உயரம் என்றும் குறித்துவிடு. அப்புறம், சுற்றளவை மட்டும் வைத்துக்கொண்டு முந்நூறு வருடம், ஐந்நூறு வருடம் என்று எழுதிவிடாதே.

அத்தை: டேப்பை இறுக்கி இழுக்காதே, பாசி உரிந்து வந்துவிடும். ஆணி அடித்து எண் மாட்டுவதும் வேண்டாம், போட்டோவும் லொகேஷனும் போதும்.

தம்பி: சரி அத்தை. ஞாயிற்றுக்கிழமைக்கு மறுபடி வனத்துறையிடம் அனுமதி கேட்டிருக்கிறோம். அந்த நாவலைக் காட்ட நீங்களும் வாருங்களேன்.

அத்தை: வராமல்? அட்டை இருக்கும், முழங்கால் வரை சாக்ஸ் போட்டுக்கொள். ஏழு மணிக்குக் கேட்டில் நில்.