10 கிலோ பை, 16.8 கிலோ சாமான்: எதைத்தான் எடுத்து வெளியே வைப்பது?

வெயில்பறவை:

வணக்கம். மே இரண்டாவது வாரம் லாஸ் வேகஸில் இருந்து கிளம்பும் ஒரு 7 நாள் குழுப் பயணத்துக்குப் பணம் கட்டிவிட்டேன். முதலில் யூட்டாவில் ஜயான், அப்புறம் பிரைஸ் கேன்யன், கடைசியில் அரிசோனாவில் கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பு. மூன்றும் தேசியப் பூங்காக்கள். 12 பேர், ஒரு வேன், எல்லா ராத்திரியும் கூடாரம். கூடாரமும் அடுப்பும் பாத்திரமும் அவர்களுடையது. நான் டாலஸில் இருக்கிறேன். சின்ன வயதில் குற்றாலத்தில் வேனுக்குப் பக்கத்திலேயே ஜமுக்காளம் விரித்து ஒரு ராத்திரி படுத்ததுதான் என் கேம்பிங் அனுபவம் எல்லாம்.

பிரச்சினை இதுதான். ஆளுக்கு ஒரு துணிப்பை, 10 கிலோவுக்குள் இருக்க வேண்டும், சக்கரம் வைத்த பெட்டி கூடாது, நடக்கும்போது முதுகில் மாட்ட ஒரு சின்னப் பை தனி என்று மெயில் வந்திருக்கிறது. நேற்று எல்லாவற்றையும் அடைத்துப் பையைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, என் எடையைக் கழித்துப் பார்த்தால் 16.8 கிலோ. இரண்டு மணி நேரம் எடுத்து எடுத்து வெளியே வைத்தேன், மறுபடி நிறுத்தால் 16.1!

உள்ளே இருப்பது: ஜீன்ஸ் 3, டி-ஷர்ட் 8, டாலஸில் ஒரு நாள்கூடப் போட்டிராத தடித்த குளிர் கோட்டு, ஸ்வெட்டர் 2, வேகஸ் திரும்பும் நாளுக்கு ஒரு சுடிதார், புது ஹைக்கிங் ஷூ, சாதா ஷூ, செருப்பு, பெரிய டவல் 2, எவர்சில்வர் தண்ணீர் பாட்டில் 2, பவர் பேங்க், ஹெட்லைட், குடை, கரடி ஸ்ப்ரே, தோழி கொடுத்த ஸ்லீப்பிங் பேக் (மேலே 40 என்று போட்டிருக்கிறது, என்ன 40 என்று அவளுக்கும் தெரியவில்லை). நான் சைவம், சாப்பாட்டுக்கு என்ன ஆகுமோ என்று பயந்து பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், கண்ணாடி பாட்டிலில் மாவடு, முறுக்கு, கடலை மிட்டாய், பொரி, ஒரு குட்டி ரைஸ் குக்கர். சிரிக்காமல் பதில் சொல்லுங்கள்.

கள்ளிச்செடி:

ரைஸ் குக்கரின் பிளக்கை எந்தப் பாறையில் சொருகுவதாக உத்தேசம்? கூடாரம் போடும் இடங்களில் பெரும்பாலும் கரண்ட் கிடையாது. சரி, சிரித்துவிட்டேன், இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நீங்கள் ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனி உடை எடுத்திருக்கிறீர்கள், அங்கேதான் கனம் ஏறுகிறது. இந்த வழியில் முக்கியமானது உயரம். ஜயான் பள்ளத்தாக்கின் தரை சுமார் 4,000 அடி, மே மாதப் பகலில் 30 டிகிரியை ஒட்டி இருக்கும். அங்கிருந்து பிரைஸ் இரண்டு மணி நேரக் கார்ப் பயணம்தான், ஆனால் அதன் விளிம்பு 8,000-இல் இருந்து 9,000 அடி வரை போகிறது. கிட்டத்தட்ட தொட்டபெட்டா உயரம். காய்ந்த காற்றில் 1,000 அடி ஏறினால் சுமார் 3 டிகிரி குறையும், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். தொட்டபெட்டாவாவது வெப்ப மண்டலத்தில் இருக்கிறது, பிரைஸில் மே மாத ராத்திரியில் உறைநிலைக்குக் கீழே போவது சாதாரணம். கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பு சுமார் 7,000 அடி, ஊட்டி மாதிரி.

அதற்காகக் கோட்டைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். சூட்டைப் பிடித்து வைப்பது துணிகளுக்கு நடுவில் சிக்கும் காற்று. உடம்போடு ஒட்டி உள்ளே போடும் மெல்லிய தெர்மல் ஒரு ஜோடி, ஒரு ஃப்ளீஸ் (பஞ்சு மாதிரி மெத்தென்ற மேல்சட்டை), மடித்தால் கைப்பிடிக்குள் அடங்கும் மெல்லிய பஃபர் ஜாக்கெட் ஒன்று, எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் மழையும் புகாத ஒரு ரெயின் ஜாக்கெட். பிரைஸில் நான்கையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுங்கள், ஜயானில் நான்கும் பைக்குள் கிடக்கட்டும். கோட்டு, இரண்டு ஸ்வெட்டர், மூன்று ஜீன்ஸ் எல்லாமே வீட்டில். நடக்க லேசான பேன்ட் 2, டி-ஷர்ட் 4 போதும். ராத்திரி அலசிப் போட்டால் அந்தக் காற்றில் காலைக்குள் காய்ந்துவிடும்.

பவர் பேங்கை விமானத்தில் கைப்பையில்தான் வைக்க வேண்டும், லக்கேஜில் போட்டால் பிரச்சினை. 100 வாட்-மணிக்குள் இருந்தால் சரி, சாதாரண 20,000 எம்ஏஎச் சுமார் 74 தான் வரும். கரடி ஸ்ப்ரேயை இரண்டிலுமே விட மாட்டார்கள். அது கிரிஸ்லி கரடி இருக்கும் யெல்லோஸ்டோன், கிளேசியர் பக்கத்துக்கு. உங்கள் வழியில் தொல்லை அணில்தான். கிராண்ட் கேன்யனில் பையைக் கீழே வைத்துவிட்டு போட்டோ எடுக்கப் போனால் அது கடித்து உள்ளே போயிருக்கும், விரட்டினால் கையையும் கடிக்கும்.

ராத்தூக்கம்:

அந்த 40 ஃபாரன்ஹீட். நம் கணக்கில் 4 டிகிரிக்கும் கொஞ்சம் மேலே. அதுவும் பல பைகளில் அச்சடித்திருப்பது சுகமாகத் தூங்கும் அளவு கிடையாது, சுருண்டு படுத்துச் சமாளிக்கும் அளவு. பிரைஸில் அதோடு படுத்தால் விடிய விடிய நட்சத்திரம் எண்ணலாம் (அங்கே நட்சத்திரம் பிரமாதமாக இருக்கும், அது வேறு விஷயம்). பயணக் கம்பெனியில் ஸ்லீப்பிங் பேக் வாடகைக்கு உண்டா என்று கேளுங்கள், 20 என்று போட்டதாக வாங்குங்கள். அது மைனஸ் 7 டிகிரி. வாடகைப் பை நேராக வேனுக்கு வந்துவிடும், உங்கள் கனத்தில் ஒரு கிலோவுக்கு மேல் மிச்சம்.

அதே மெயிலில் கீழே விரிக்கும் பாய் யாருடையது என்றும் கேட்டுவிடுங்கள். படுத்தால் பையின் அடிப்பக்கம் நசுங்கிப் போகும், அங்கே காற்றே இல்லை, எத்தனை நல்ல பையாக இருந்தாலும் தரைக்குளிர் முதுகு வழியாகத்தான் ஏறும். நான் முதல் தடவை இதைக் கேட்காமல் போய், ஒரு ராத்திரி முழுக்க வேனின் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

மலைக்காற்று:

தங்கச்சி, எல்லோரும் துணியைப் பற்றியே பேசுகிறார்கள், நான் உன் சாப்பாட்டுப் பக்கம். குக்கரையும் கண்ணாடி பாட்டிலையும் மட்டும் வெளியே எடு, மற்றதை யார் சொன்னாலும் வெளியே எடுக்காதே. அங்கே காற்று அவ்வளவு காய்ந்தது, வியர்வை வந்த உடனே காய்ந்துவிடும், வியர்த்ததே தெரியாது, உப்பு மட்டும் போய்க்கொண்டே இருக்கும். பயந்துபோய் வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கித் தலைவலி, வாந்தி, குழப்பம் என்று ஆளையே சாய்த்துவிடும். வெயிலில் இறங்கி ஏறும் நாளில் 4 லிட்டர் வரை குடிக்க வேண்டியிருக்கும், கூடவே உப்பாக ஏதாவது மென்றுகொண்டே இரு. முறுக்கும் கடலையும் அதற்கென்றே செய்தது மாதிரி. மாவடுவை ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்று, சாறு வேண்டாம்.

இன்னொன்று, இதை ஆண்கள் யாரும் எழுத மாட்டார்கள். 7 நாளில் மாதவிலக்கு வந்தாலும் வரலாம், தேதி தள்ளி இருந்தாலும் நாப்கின் எடுத்துக்கொள், மலை ஏறி அலைந்தால் எனக்கு முன்கூட்டியே வரும். நடைபாதையில் எல்லா இடத்திலும் குப்பைத்தொட்டி இருக்காது, போட்டதைத் திரும்பக் கொண்டுவரத்தான் வேண்டும். ஜிப் வைத்த கவர் ஒன்று, அதன்மேல் அலுமினியத் தாள் சுற்றிவிட்டால் வெளியே தெரியாது. டிஷ்யூவும் அப்படித்தான், அந்த வறண்ட மண்ணில் எளிதில் மட்காது, கல்லுக்கு அடியில் சொருகிவிட்டு வராதே.

வெயில்பறவை:

அக்கா, கோடி நன்றி. யாரிடம் கேட்பது என்று விழித்துக்கொண்டிருந்த கேள்வி அது. குக்கரை எடுத்துவிட்டேன். எவர்சில்வர் பாட்டில் வேண்டாமா? ஜயானில் நேரோஸ் என்று ஆற்றுக்குள் நடக்கும் பாதைக்குத் தனி ஷூ வேண்டுமாமே? குளிக்க முடியுமா? காட்டன் டி-ஷர்ட் போடவே கூடாது என்று ஆபீஸில் ஒருவர் பயமுறுத்துகிறார்.

கள்ளிச்செடி:

ஒரு லிட்டர் காலி சோடா பாட்டில் நான்கு போதும், கனமே இருக்காது. நேரோஸுக்கு இப்போதே ஷூ வாங்காதீர்கள். மே மாதத்தில் மேலே பனி உருகி வரும், விநாடிக்கு 150 கன அடிக்கு மேல் தண்ணீர் ஓடினால் பாதையை மூடிவிடுவார்கள். திறந்திருந்தால் வாசலில் இருக்கும் ஸ்பிரிங்டேல் ஊரிலேயே ஷூ, கம்பு எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். ஜயானில் ஏஞ்சல்ஸ் லேண்டிங் என்ற பாறை உச்சிக்கு ஏற ஆசை இருந்தால் 2022 ஏப்ரலில் இருந்து குலுக்கலில் அனுமதிச் சீட்டு வாங்கினால்தான் உண்டு, கம்பெனியை நம்பி இருக்காதீர்கள்.

ஜயான் பூங்காவின் கேம்ப்களில் குளியல் வசதி கிடையாது, வெளியே காசு கொடுத்துத்தான். கிராண்ட் கேன்யனில் மேதர் கேம்ப் பக்கத்தில் உண்டு. மெல்லிய சின்ன டவல் ஒன்று போதும்.

காட்டன் விஷயத்தில் உங்கள் ஆபீஸ்காரர் பாதிதான் சரி. நனைந்தால் காயாது, குளிரில் ஆபத்து, அதனால் பிரைஸில் வேண்டாம். கிராண்ட் கேன்யனில் பிரைட் ஏஞ்சல் பாதையில் மத்தியானம் இறங்கும்போது காட்டன் சட்டையை நனைத்துப் போட்டுப் பாருங்கள், அதைவிடச் சுகம் கிடையாது. மேலே ஊட்டி, கீழே 2,400 அடியில் ஆற்றங்கரை வேலூர் வெயில், ஒரே நாளில் இரண்டும். ஏறும்போது இறங்கியதைப் போல இரண்டு மடங்கு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரை மேலேயே நிரப்பிக்கொண்டு இறங்குங்கள், வழியில் குழாய் உண்டுதான், ஆனால் அது உடைந்து தண்ணீர் நின்றுபோவது அங்கே சகஜம். புது ஷூவை இன்றில் இருந்தே காய்கறிக் கடைக்குக்கூடப் போட்டுக்கொண்டு போங்கள். கிளம்பும் முன் கால் நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள், இறக்கத்தில் விரல் ஷூவின் முனையில் இடித்து நகம் கறுத்துவிடும்.

ராத்தூக்கம்:

கடிகாரத்தையும் மறந்துவிடாதீர்கள். யூட்டா வேகஸைவிட ஒரு மணி நேரம் முன்னால். அரிசோனா கோடைக்காலத்தில் கடிகாரத்தைத் திருப்பி வைப்பதில்லை, அதனால் மே மாதத்தில் வேகஸ் நேரமே. எல்லை ஓரத்தில் போன் ஒரு டவரில் இருந்து இன்னொன்றுக்குத் தாவி நேரத்தை மாற்றி மாற்றிக் காட்டும். வேன் எத்தனை மணிக்கு என்று வழிகாட்டியின் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் கேளுங்கள்.

வெயில்பறவை:

9.2 கிலோ! ஹைக்கிங் ஷூ காலில், பவர் பேங்க் கைப்பையில். சுடிதாரை மட்டும் வெளியே எடுக்க மனம் வரவில்லை.

வெயில்பறவை (மூன்று வாரம் கழித்து):

போய் வந்துவிட்டேன். பிரைஸில் இரண்டாம் நாள் காலை வெளியே வைத்திருந்த பாட்டிலில் தண்ணீர் மேலாக உறைந்திருந்தது, நான் நான்கு அடுக்கும் போட்டு உருண்டையாகத் தூங்கிக்கொண்டிருந்தேன். பாய் கம்பெனியுடையதுதான், ஆனால் மெயிலில் கேட்டதால்தான் நல்லதாக ஒன்றை எடுத்து வைத்தார்களாம். நேரோஸ் மூடியிருந்தது. பருப்புப்பொடியைக் குழுவில் மற்றவர்கள் மூன்றாம் நாளிலேயே பிரெட்டில் வெண்ணெயோடு தடவித் தின்று தீர்த்துவிட்டார்கள், எனக்கு மிஞ்சியது மாவடுதான். குடையை யாரும் வெளியே எடுக்கச் சொல்லவில்லை, அதனால் கொண்டுபோனேன், பிரைட் ஏஞ்சலில் அதைப் பிடித்துக்கொண்டு ஏறியபோது முதலில் சிரித்தவர்கள் அப்புறம் நிழலுக்கு ஒவ்வொருவராக வந்து ஒட்டிக்கொண்டார்கள். சுடிதார் பைக்கு வெளியே வரவே இல்லை.

கரடி ஸ்ப்ரே கட்டிலுக்கு அடியில் அப்படியே இருக்கிறது, சீல்கூடப் பிரிக்கவில்லை. டாலஸில் இருந்து யெல்லோஸ்டோனுக்குக் காரில் போகிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், வந்து வாங்கிக்கொள்ளலாம்.