பொருள்: கோத்திக் மெட்டல், தமிழில் எப்படி?

மொழிபெயர்ப்புக் குழுவினருக்கு வணக்கம்.
அமெரிக்க ராக் பாடகர் பீட்டர் ஸ்டீல் பற்றிய கட்டுரை ஒன்றை இதழுக்காக மொழிபெயர்க்கிறேன். வியாழன் இரவுக்குள் தர வேண்டும். 1962இல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர், ஆறடி எட்டங்குலம். நகரப் பூங்காத் துறையில் வேலை பார்த்தவர். 1989இல் நண்பர்களோடு டைப் ஓ நெகட்டிவ் என்ற இசைக்குழுவைத் தொடங்கினார். 2010இல், 48 வயதில் இறந்துவிட்டார். எல்லாம் தமிழில் வந்துவிட்டது, அவர் பாடிய இருண்ட, கனத்த ராக் இசைவகையின் பெயரான ‘கோத்திக் மெட்டல்’ மட்டும் அப்படியே நிற்கிறது. என்ன போடலாம்?
– ம.

தம்பி, உலோகத்துக்கு ‘மாழை’ இருக்கிறதே. ‘இருண்மாழை இசை’ என்று எழுதுங்கள். மாழ்குதல் என்றால் மயங்குதல். மாழையும் மாழ்குதலும் ஒரே வேர் என்றே எனக்குப் படுகிறது. உலோகமும் மயக்கமும் ஒரே சொல்லில் கிடைக்கின்றன.
– க.

ஐயா, மாழை என்றால் என் மாணவர்களுக்குப் புரியாது. ‘இருள்’ என்பதும் தவறு. கோத் என்பது ஒரு ஜெர்மானிய இனத்தின் பெயர். மறுமலர்ச்சிக்கால இத்தாலியர் பழைய தேவாலயக் கட்டடக்கலையை இகழ அந்தப் பெயரைச் சூட்டினார்கள், அப்புறம் பேய்க்கதைக்கு வந்தது. பாரடைஸ் லாஸ்ட் குழு 1991இல் ஓர் ஆல்பத்துக்கு ‘கோத்திக்’ என்று பேர் வைத்தது, இந்த இசைவகைக்கும் அதுவே ஒட்டிக்கொண்டது. இனப்பெயரை மொழிபெயர்ப்போமா? தொல்காப்பியம் வடசொல்லுக்குச் சொல்லும் ‘வடவெழுத்து ஒரீஇ’ என்ற வழியில், அயல் ஒலியை விட்டுத் தமிழ் ஒலிக்கு மாற்றி, ‘கோத்திகம்’ ஆக்கலாம்.
– செ.

செ. அம்மாவுக்கு: வரலாறு சரி. ஆனால் ஸ்டீலின் பாட்டைக் கேட்டீர்களா? பேஸ் கிட்டாரைச் சங்கிலியில் மாட்டிக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து அவ்வளவு மெதுவாகப் பாடுவார். 1993இல் வந்த ‘பிளடி கிஸ்ஸஸ்’ ஆல்பத்தின் பெயரிலேயே முத்தமும் ரத்தமும் சேர்ந்து நிற்கின்றன. புறநானூறு 194ஐ எடுத்துப் பாருங்கள்: ‘ஓரில் நெய்தல் கறங்க, ஓரில் ஈர்ந்தண் முழவின் பாணி ததும்ப’. ஒரு வீட்டில் சாப்பறை, இன்னொரு வீட்டில் மணமுழவு. இந்த இசை அந்த இரண்டு வீட்டுக்கும் நடுவில் நிற்கிறது. ‘நெய்தலிசை’ என்பேன்.
– இரா.

நெய்தல் என்றதும் எல்லாருக்கும் கடற்கரைதான் நினைவுக்கு வரும். மீனவர் பாட்டு என்று எண்ணிக்கொள்வார்கள்.
– செ.

எண்ணட்டும், அடிக்குறிப்பு போடலாம். சாப்பறைக்கு நெய்தல் என்று பேர் இருந்ததையே மறந்துவிட்டோம், அதை மீட்க இதைவிட நல்ல இடம் எது?
– இரா.

ஸ்டீலின் இசைக்குழுவின் பெயரையும் பேசிவிடுவோம், அது ஒரு ரத்த வகையின் பெயர். ‘ஓ வகை எதிர்மக் குருதி’ என்று யாராவது எழுதிவிடப் போகிறார்கள். ரத்தம் வேண்டும் என்று ஆஸ்பத்திரி வாசலில் ஓடுகிறவர் ‘ஓ நெகட்டிவ்’ என்றுதான் கேட்கிறார். அதை அப்படியே விடுங்கள்.
– வ.

வ. சொல்வது சரி, குழுப் பெயர் அப்படியே இருக்கட்டும். அப்படியானால் கோத்திக் மெட்டலும் இருக்கட்டுமே? நால்வர் இதற்கு ஒப்புகிறார்கள் என்று தனிமடலில் தெரிகிறது.
– செ.

நான் ஒப்பவில்லை. மாழை.
– க.

எல்லோருக்கும் நன்றி. நேரமாகிவிட்டது, ‘கோத்திக் மெட்டல்’ என்றே அனுப்பிவிட்டேன். ஆனால் 1999 ஆல்பம் பற்றிய பத்தியில், குடும்பத்தில் அடுத்தடுத்து விழுந்த சாவுகளை அவர் பாடிய இடத்தில், ‘நெய்தல் பறை போல’ என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். ஆசிரியர் வெட்டாமல் இருக்க வேண்டும்.
– ம.

அடிக்குறிப்பு போட்டீர்களா?
– இரா.