வீதியோரம் கடைக்கு போர்ட் வைக்க யாரிடம் அனுமதி கேட்பது?

இலங்கையில் திருகோணமலைப் பக்கம் உப்புவெளியில், நிலாவெளி வீதியில் இருந்து உள்ளே போகும் ஒழுங்கையில் சின்னச் சாப்பாட்டுக் கடை போட்டிருக்கிறேன். கடை வீதிக்குத் தெரியாது, அதனால் சந்தியில் அம்புக்குறி போட்ட போர்ட் ஒன்று நட வேண்டும். உள்ளூராட்சி சபையில் மட்டும் கேட்டால் போதுமா?

பதில் 1:
போதாது தம்பி. விளம்பரப் பலகைக்கு அனுமதியும் கட்டணமும் உள்ளூராட்சி சபை விஷயம், ஆனால் ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு, ஆகவே அந்த வீதியோரத்தில் குழி தோண்டுவதென்றால் அவர்களையும் கேட்க வேண்டும். பலகையின் நீள அகலம், வாசகம், இடத்தின் வரைபடம் மூன்றையும் எழுதிக் கொண்டு போங்கள். அப்புறம், கரண்ட் கம்பத்தில் கட்டி விடாதீர்கள்.

பதில் 2:
அண்ணா சொன்னது சரி. நான் சொல்ல வருவது கச்சான் காற்றை, அதாவது தென்மேற்குப் பருவத்தில் பலமாக வீசும் காற்றைப் பற்றி. போன வருஷம் நான் நட்ட தகரப் பலகை, அடியில் கொங்கிரீட் போடாததால், ஒரு மத்தியானம் அப்படியே சரிந்து பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்றின் சைக்கிள் முன்சில்லில் விழுந்தது. பிள்ளைக்கு ஒன்றுமில்லை, எனக்குத்தான் கை நடுங்கியது. சந்தியில் திரும்பும் ஓட்டோக்காரரின் கண்ணை மறைக்காத இடமாகப் பாருங்கள்.

பதில் 3:
சந்தி வீட்டுக்காரர் சம்மதித்தால் அவருடைய மதிலுக்கு உள்ளே வையுங்கள், வீதிக் காணிப் பிரச்சினை வராது. சபை அனுமதி அதற்கும் வேண்டும்தான். தமிழோடு சிங்களத்திலும் எழுதுங்கள்.

கேட்டவர்:
நன்றி. நாளைக்கே மதில் வீட்டு அம்மாவிடம் கேட்கிறேன்.