இசை கேட்கிறது, பாடுகிறவர் குரலைக் காணோம்

சுங்கை சிப்புட் தம்பி:
செம்பனைத் தோட்டத்தில் வேலை. பழைய எம்பி3 பிளேயர் எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். இப்போது ஹெட்போனைச் செருகினால் தபேலா, வயலின் எல்லாம் வருகிறது. குரல் மட்டும் கிணற்றுக்குள் போன மாதிரி. பிளக்கை அழுத்திப் பிடித்தால் திரும்புகிறது. கைபேசிக் கடையில் புதுசு வாங்கு என்கிறார்கள். அட, இதிலென்ன குறை?

ரேடியோ அண்ணன்:
கிரவுண்ட், அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் இணைப்பு, விட்டுப் போயிருக்கிறது தம்பி. 3.5 மி.மீ. பிளக்கின் நுனி இடது காதுக்கு, நடு வளையம் வலதுக்கு, அடிப்பகுதி இரண்டுக்கும் பொதுவான கிரவுண்ட். அது தொடாவிட்டால் இரு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே கேட்கும். குரல் பெரும்பாலும் இரண்டிலும் சமமாக இருப்பதால் அடிபட்டுப் போகிறது. வேறு ஹெட்போன் போட்டுப் பார்.

லூனாஸ்காரி:
பையிலிருந்த பஞ்சு உள்ளே அடைத்திருக்கும். அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெதுவாக எடுங்கள். ஊசி வேண்டவே வேண்டாம்.

சுங்கை சிப்புட் தம்பி:
சாம்பல் நிறத்தில் ஓர் உருண்டை வந்தது அக்கா. ஆனாலும் எந்த ஹெட்போனிலும் அதே கதை.

ரேடியோ அண்ணன்:
சரி, அப்படியென்றால் ஜாக்கின் (பிளக் செருகும் துளை) காலை உள்ளே சர்க்யூட் பலகையோடு பிடித்திருக்கும் ஈயப் பற்று விட்டுப் போயிருக்கும். மறுபடி பற்றவைத்தால் போதும். ஈப்போ பக்கம் போனால் பழைய ரேடியோ பழுதுபார்ப்பவரிடம் கொடு.